கெர்னல் ஒன்றும் சொல்லவில்லை

"சொல்லிட்டு நிக்க மாட்டீங்களா சார்?"

"எதுக்கு நிக்கணும்?"

"பதிலுக்குத்தான். உங்க புரோகிராம் கெர்னல்கிட்டப் போய், 'பிரிண்டருக்காக வந்திருக்கேன், என் பேரைப் பதிஞ்சுக்கோ'ன்னு சொல்லுது. சரி. அது பதிஞ்சுக்கிச்சா இல்லையான்னு பாக்காமலே அடுத்த வரிக்கு ஓடிருதே?"

"அந்த ஃபங்க்ஷன் பதிலே சொல்லாதுங்க. சொல்லிட்டு நம்ம பாட்டுக்கு வேலையைப் பாக்க வேண்டியதுதான்."

"பதிஞ்சுக்கலைன்னா?"

"இதுவரைக்கும் அப்படி ஆனதில்ல."

"நீங்க பொண்ணு பாக்கப் போனாலும் இப்படித்தான் போல. 'வந்திருக்கேன்'னு சொல்லுவீங்க, கேசரியைச் சாப்பிடுவீங்க, பஸ் ஏறி வந்துருவீங்க."

நான்கு வருடத்துக்கு முன்னால் நடந்த பேச்சு இது. ஆனிமேரி வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் சத்தியசீலனுக்குக் கோபம் வந்திருக்கும். அவனுக்கு வந்ததோ சந்தோஷம். அவன் எழுதிய புரோகிராமை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒரு மனுஷி உட்கார்ந்து படித்திருக்கிறாள். பெற்ற தாய்கூட அவன் எழுதின எதையும் அப்படிப் படித்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவள் என்ன கேட்டாள் என்பதை அவன் கவனிக்க மறந்துவிட்டான்.

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டோரம் ஒரு உரக்கடைக்கு மேலே இருந்தது கம்பெனி. மில்களிலும் பெரிய அலுவலகங்களிலும் இருக்கும் கம்ப்யூட்டர்களோடு கூடுதலாகப் பிரிண்டர்களையும், திரையும் கீபோர்டுமான டெர்மினல்களையும் இணைத்துக் கொடுப்பது தொழில். கீழே யூரியா வாசம், மேலே ஏ.சி. குளிர். இணைப்புக்கான கார்டுகளை முத்திருளன் பற்றவைப்பான். அவன் செக்கானூரணிப் பக்கத்துக்காரன். வீட்டில் இன்னும் நாலு ஜோடி மாடு, கையில் சால்டரிங் இரும்பு. அந்தக் கார்டுகளுக்கான டிரைவர்களைச் சத்தியசீலனும் ஆனிமேரியும் எழுதுவார்கள். கம்ப்யூட்டரின் உள்ளே இருந்து எல்லாவற்றையும் ஆளுகிற மூலப் புரோகிராமுக்குக் கெர்னல் என்று பெயர். டிரைவர் என்பது கெர்னலுக்கும் பிரிண்டருக்கும் நடுவே நின்று பேசும் தரகர். கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது ஒவ்வொரு டிரைவரும் போய்த் தன் பெயரைக் கெர்னலிடம் பதிந்துகொள்ள வேண்டும். பதியாதவனைக் கெர்னலுக்குத் தெரியாது. தெரியாதவனிடம் அது பேசவும் பேசாது.

அப்படிப் பெயரைப் பதிந்துகொடுக்கும் கட்டளைத் துணுக்கான அந்தப் பதிவு ஃபங்க்ஷனுக்குத்தான் இப்போது, எண்பத்தெட்டாம் வருடம் மார்ச் மாதத்தில், காலம் முடிந்திருந்தது. பெங்களூரிலிருந்து புதிய பதிப்பின் டேப் வந்தது. பழைய பதிவு ஃபங்க்ஷன் இந்தப் பதிப்போடு சரி, அடுத்ததில் இருக்காது, எல்லோரும் புதியதுக்கு மாறிக்கொள்ளவும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பழையதை வைத்தே ஓட்டிப் பார்த்தால், ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு எச்சரிக்கை திரையில் ஓடியது.

"பழசுக்கு என்னண்ணே கொறச்சல்?" என்றான் முத்திருளன்.

"அது பதில் சொல்லாது. யாரு வந்து பேரைச் சொன்னாலும் கேட்டுக்கும். ஏத்துக்கிச்சா இல்லையான்னு தெரியாது. புதுசு அப்படி இல்ல. போய்ப் பதியணும், பதிலுக்கு நிக்கணும், அது ஏத்துக்கிட்டாத்தான் மேக்கொண்டு போகணும்."

"இதைத்தான் நான் நாலு வருஷமாச் சொல்றேன்" என்றாள் ஆனிமேரி, டெர்மினலிலிருந்து தலையைத் திருப்பாமல். "எங்கிட்ட ஒரு டேப் இல்லாமப் போச்சு."

சத்தியசீலன் சிரித்தான். எதற்குச் சிரிக்கிறோம் என்பதை யோசிக்காமல் சிரிக்கும் வரம் அவனுக்கு உண்டு.

ஆனையூரில் இருந்த ஆனிமேரி வீட்டில் அவன் எப்போது, எப்படிப் புகுந்தான் என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. முதலில் அவள் கம்பெனியில் மறந்து வைத்துவிட்டுப் போன குடையைக் கொடுக்கப் போனான். அடுத்து அவள் அப்பா ஜேசுராஜ் சாரின் ரேடியோ கரகரத்தது. பிறகு ஒரு கிறிஸ்துமஸ். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும், தன் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் சைக்கிளை ஆனையூர்ப் பக்கம் திருப்புவது வழக்கமாகிவிட்டது. அவள் அம்மா சூசையம்மாள் அவனுக்கென்று ஒரு எவர்சில்வர் தட்டைத் தனியே வைத்திருந்தாள். தெருவில் விளையாடும் பிள்ளைகள் அவன் சைக்கிளைக் கண்டதும் கேட்டைத் திறந்துவிடுவார்கள். எதற்காக வருகிறேன் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. எதற்காக வருகிறீர்கள் என்று யாரும் கேட்டதுமில்லை. வாராவாரம் வந்து நிற்பதே சொன்னதற்குச் சமம் என்று அவன் நினைத்துக்கொண்டான். அந்த வீட்டில் அவன் பெயர் பதிந்தாகிவிட்டது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. எந்தப் பெயரில் பதிந்திருக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கவில்லை.

அது அந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

தவக்காலம் என்பதால் அந்த வீட்டில் கறி கிடையாது. முருங்கைக்காய்ச் சாம்பாரும் வாழைக்காய் வறுவலும். ஜேசுராஜ் சார் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் என்ன வேலை செய்தாலும் அதை ஒரு தடவை விளக்கச் சொல்லிக் கேட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். சத்தியசீலன் பழைய பதிவையும் புதிய பதிவையும் விளக்கினான்.

"புரியுது, புரியுது" என்றார் அவர். "எங்க கோயில்ல ஓலை வாசிக்கிற மாதிரி. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கலியாணம், தடை ஏதும் தெரிஞ்சவங்க சொல்லலாம்னு மூணு ஞாயித்துக்கிழமை சாமியார் கேப்பாரு. கேட்டுட்டுச் சும்மா போயிர மாட்டாரு. கொஞ்ச நேரம் நிறுத்துவாரு பாருங்க, அதுதான் விசேஷம்."

"ஆமா சார், அதேதான்."

"அப்போ உங்க பழைய ஃபங்க்ஷன் என்ன? சாமியார் பாட்டுக்கு வாசிச்சிட்டு, யாரும் வாயைத் திறக்கறதுக்குள்ள தாலியை மந்திரிச்சு முடிச்சிருவாராக்கும்?"

ஆனிமேரி அடுப்படியில் சிரிப்பது கேட்டது. சத்தியசீலனுக்கு இன்னும் ஒரு கரண்டி சாம்பார் விழுந்தது. ஊற்றிக்கொண்டே சூசையம்மாள் சொன்னாள்:

"ஓலைன்னதும் ஞாபகம் வருது தம்பி. நம்ம மேரிக்கு ஒரு இடம் வந்திருக்கு. பையன் பேரு இன்னாசிமுத்து. பாலிடெக்னிக்ல லெக்சரர். உங்க வில்லாபுரத்துலதான் வீடு."

சத்தியசீலன் வாயில் முருங்கைக்காய் இருந்தது. அதை மென்று முடிப்பது எப்படி என்பது அவனுக்கு அந்த நிமிஷம் மறந்துபோயிற்று.

"ஈஸ்டருக்கு அப்புறம் ஓலை வாசிக்கலாம்னு அவுக வீட்டுல சொல்றாக. அதுக்கு முன்னாடி நம்ம பக்கத்துலருந்து யாராச்சும் நல்லா விசாரிக்கணும்ல? குடி, சீட்டு, வேற ஏதாவது தொடுப்பு... எனக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. இவுகளுக்கு முட்டிவலி. உங்களை விட்டா யாரு தம்பி இருக்கா? இந்த வீட்டுப் பிள்ளை மாதிரி நீங்க."

தன் பெயர் எந்த இடத்தில் பதிந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அடுப்படியைப் பார்த்தான். அங்கே சிரிப்பு நின்றிருந்தது. ஆனிமேரி அடுப்படி வாசலுக்கு வந்து, நிலையில் சாய்ந்துகொண்டு, அவன் முகத்தையே பார்த்தாள். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று கேட்பதற்காகவே வந்து நின்ற மாதிரி இருந்தது.

"சரிங்கம்மா. விசாரிச்சிர்றேன்" என்றான் சத்தியசீலன்.

அவள் உள்ளே போய்விட்டாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக விழுந்தன.

அவன் ஏன் அப்போதே சொல்லவில்லை? அவனிடம் கேட்டால் காரணங்கள் வைத்திருந்தான். அவன் புராட்டஸ்டண்ட் சி.எஸ்.ஐ., அவர்கள் கத்தோலிக்க ஆர்.சி. 'வேதக்காரங்கதான், ஆனா மாதாவைக் கும்பிட மாட்டாகளே' என்று சூசையம்மாள் யாரையோ பற்றி ஒரு தரம் சொன்னதை அவன் மறக்கவில்லை. அவனுக்கு அப்பா அம்மா இல்லை. வில்லாபுரத்தில் அக்கா வீட்டில் இருக்கிறான். இவற்றுக்கெல்லாம் மேலே இன்னொரு காரணமும் இருந்தது. அவள் ஏற்கெனவே மறுத்துவிட்டாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒத்தக்கடையிலிருந்து திரும்பும் பஸ்ஸில், பல நாள் ஒத்திகை பார்த்துவிட்டு, "எங்க அக்கா உங்களை ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுச்சு. பாக்கணுமாம்" என்று சொன்னான். அவன் அக்கா ஒரு பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆனிமேரி ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் வழியே யானைமலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கோரிப்பாளையத்தில் ஆனையூர் பஸ் பிடிக்க இறங்கும்போது "வாரேன் சார்" என்றாள். அவ்வளவுதான். சத்தியசீலன் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறுத்த பெண்ணைச் சங்கடப்படுத்தாத தன் பெருந்தன்மையை நினைத்து அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

திங்கட்கிழமை இதைக் கேட்ட முத்திருளன் சால்டரிங் இரும்பைத் தாங்கியில் வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

"அண்ணே, எங்க ஊர்ல பொண்ணு பிடிச்சிருந்தா மாமன்காரன் வீட்டு முன்னாடி வந்து சண்டை போடுவான். நீங்க என்னடான்னா மாப்ள பாக்கக் கிளம்பிட்டீக. ஒண்ணு செய்ங்க. போறதுதான் போறீக, 'அவன் சாயங்காலமானா ஒரு மாதிரிங்க'ன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லிருங்க. காரியம் முடிஞ்சிது."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"நீங்க உண்மையைச் சொல்ற லட்சணத்துக்குப் பொய் எம்புட்டோ தேவலை."

ஆனிமேரி அந்த வாரம் முழுக்க அவனிடம் 'ம்' என்பதற்கு மேல் பேசவில்லை. பேசாமலே பாதி டிரைவர்களை மாற்றி முடித்தாள். பிரிண்டரும் டெர்மினல்களும் சத்தியசீலன் பங்கு. அவன் மாற்றிய விதம் எளிது. பழைய ஃபங்க்ஷனின் பெயர் இருந்த இடத்தில் புதியதன் பெயரைப் போட்டான். புதியது பதில் சொல்லும் என்பதால், பதில் வந்தால் மேலே போ, வரவில்லை என்றால் மறுத்துவிட்டது என்று அறிவித்துவிட்டுப் பெயரை அழித்துக்கொண்டு வெளியே வா என்று ஒவ்வொன்றிலும் நாலு வரி சேர்த்தான். மறுத்துவிட்டது என்பதற்கு அவனே ஒரு பணிவான வாக்கியமும் எழுதினான்.

புதன்கிழமை சாயங்காலம் விசாரணைக்குப் போனான். வில்லாபுரத்தில் இன்னாசிமுத்துவின் தெருவில் டீக்கடை ஒன்று, இஸ்திரி வண்டி ஒன்று. ஒருவனைப் பற்றி உண்மை தெரிய வேண்டுமானால் அவன் சட்டையைத் தேய்ப்பவரைக் கேட்க வேண்டும் என்பது மதுரையில் எல்லோருக்கும் தெரிந்த முறை. சத்தியசீலன் மனசுக்குள் ஒரு சின்ன ஜெபம்கூடச் செய்தான். பெரிய குறை வேண்டாம் ஆண்டவரே, ஏதோ ஒரு நடுத்தரக் குறை.

"யாரு, இன்னாசி சாரா?" என்றார் தேய்ப்பவர், கரியை ஊதிக்கொண்டே. "தங்கமான ஆளு. சட்டைப் பையில ஒரு பீடித் தூள் இருந்து நான் பாத்ததில்ல. போன மாசம் என் மகனுக்குக் காய்ச்சல்னு கேட்டுட்டு, தன் ஸ்கூட்டர்லயே ஆசுபத்திரிக்குக் கொண்டு போனாரு. எனக்கு ஒரு பொண்ணு இருந்து, நானும் வேதக்காரனா இருந்தா..."

"கோபம் வருமா?"

"வராது."

"கொஞ்சம்கூடவா?"

தேய்ப்பவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். "நீங்க பொண்ணுக்கு அண்ணனா?"

"இல்ல."

"மாமாவா?"

"இல்லங்க. அந்த வீட்டுக்கு வேண்டியவன்."

"அதான் இம்புட்டு அக்கறையா விசாரிக்கிறீக" என்றார் அவர் மனம் நெகிழ்ந்து.

டீக்கடையிலும் இதே புகழ்தான். போதாக்குறைக்கு இன்னாசிமுத்துவே எதிரே வந்துவிட்டான். உயரமாக, கண்ணாடி போட்டு, பார்த்தவுடன் பிடித்துப்போகிற முகம். சத்தியசீலன் யாரென்று தெரியாமலே, "பஸ்ஸுக்கா சார்? நானும் அந்தப் பக்கம்தான், ஏறுங்க" என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டான். சத்தியசீலனின் அக்கா வீடு அடுத்த தெருவில் இருந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, அவன் இறக்கிவிட்ட நிறுத்தத்தில் இறங்கி, நன்றி சொல்லி, ஸ்கூட்டர் மறைந்ததும் அத்தனை தூரமும் திரும்பி நடந்தான். ஓட்டும்போதுகூட அந்த மனிதன் பள்ளம் பார்த்து ஓட்டினான். அதுதான் சத்தியசீலனுக்கு ரொம்ப வலித்தது.

சனிக்கிழமை மத்தியானம் சோதனை. திங்கட்கிழமை மில்லில் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். மூன்று பேரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் வந்தார்கள். கம்ப்யூட்டர் நிதானமாகக் கண் விழித்தது. ஆனிமேரி மாற்றிய டிரைவர்கள் ஒவ்வொன்றாக ஏறின. பிரிண்டரின் முறை வந்தது. திரையில் சத்தியசீலனின் பணிவான வாக்கியம் தோன்றியது. கெர்னல் இந்தச் சாதனத்தை ஏற்க மறுத்துவிட்டது, மன்னிக்கவும். அடுத்து டெர்மினல்கள். அதற்கும் மன்னிக்கவும்.

"மறுக்குது" என்றான் சத்தியசீலன். இந்த வாரம் அவனுக்கு நடந்த எல்லாவற்றோடும் அது பொருந்தித்தான் வந்தது. "கார்டுல எதும் கோளாறா முத்திருளா?"

"என் பத்தவைப்பை மட்டும் சொல்லாதீங்கண்ணே, எனக்குக் கெட்ட கோபம் வரும். காலைல வரைக்கும் பழசுல ஓடுன கார்டு இது."

"அப்போ பெங்களூர்க்காரங்க தப்பு. கெர்னல்லயே ஏதோ இருக்கு. டிரங்க் கால் போட்டுச் சொல்லிருவோம்."

"கொஞ்சம் தள்ளுங்க சார்" என்றாள் ஆனிமேரி.

அவள் உட்கார்ந்து, கெர்னல் கொடுத்த பதிலை அப்படியே திரையில் காட்டும்படி ஒரு வரியைச் சேர்த்தாள். மறுபடி கம்ப்யூட்டரை எழுப்பினார்கள். அதற்குள் கரண்ட் போய், கீழே உரக்கடைக்காரர் மின்வாரியத்தைத் திட்டி, கரண்ட் வந்தது. கடைசியில் பிரிண்டரின் முறையில் திரையில் ஒரு பூஜ்யம் தோன்றியது. அதன் கீழேயே மன்னிப்பும்.

"பாத்தீங்கல்ல?" என்றான் சத்தியசீலன். "ஒண்ணுமே குடுக்கல. அதான் மறுத்துருச்சுங்கறேன்."

"மறுத்தா நம்பர் குடுக்கும் சார். இன்ன தடைன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் இருக்கு. இடம் காலியில்ல, பேரு ஏற்கெனவே இருக்கு, அப்படி. தடை இல்லைன்னா அது ஒண்ணும் சொல்லாது. பூஜ்யம்னா சரின்னு அர்த்தம். விளக்கத்தைப் படிச்சீங்களா இல்லையா?"

"பேரை மாத்துற அளவுக்குப் படிச்சேன்."

"அது ஏத்துக்கிட்டு, இடமும் ஒதுக்கி வச்சிட்டு உக்காந்திருக்கு. நீங்களா மறுத்துருச்சுன்னு முடிவு பண்ணி, நீங்களாப் பேரை அழிச்சுட்டு, நீங்களா மன்னிப்பும் கேட்டுட்டு வெளிய வந்துட்டீங்க."

முத்திருளன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பொண்ணு வீட்டுல வாசலைத் திறந்து வச்சா, மாப்ள செருப்பை மாட்டிக்கிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டாராக்கும்!"

"மாட்டலை முத்திருளா" என்றாள் ஆனிமேரி. "கழட்டவே இல்ல."

சத்தியசீலன் திரையில் இருந்த பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் கொஞ்சமாக, கம்ப்யூட்டர் கண் விழிக்கும் அதே நிதானத்தில், அவன் காதுமடல் சிவந்தது. நாலு வரியையும் திருத்தினான். பிரிண்டர் கடகடவென்று ஓடியது, டெர்மினல்கள் பச்சையாக ஒளிர்ந்தன. முதலாளியிடம் சொல்லச் சந்தோஷமாக ஓடினான் முத்திருளன்.

மாடிப்படியில் செருப்பைப் போடும்போது சத்தியசீலன் கேட்டான்: "அன்னிக்கு பஸ்ல... நான் கேட்டப்போ நீங்க ஒண்ணுமே சொல்லலையே மேரி?"

அவள் எந்த பஸ் என்று கேட்கவில்லை.

"நீங்க எங்க கேட்டீங்க? உங்க அக்கா வரச்சொன்னாங்கன்னு சொன்னீங்க. எந்த நாளு, எத்தனை மணின்னு சொல்லுவீங்கன்னு கோரிப்பாளையம் வரைக்கும் பாத்துட்டு வந்தேன். நீங்க டிக்கெட்டை மடிச்சுக்கிட்டே இருந்தீங்க. சின்னதா, இன்னும் சின்னதா."

"நீங்க யானைமலையைப் பாத்தீங்க."

"வேற எதைப் பாக்குறது? உங்களைப் பாத்தா நீங்க பயந்து ஒத்தக்கடைக்கே திரும்பிருவீங்கன்னு இருந்துச்சு."

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் இரண்டு படி இறங்கிவிட்டாள்.

"எல்லாத்தையும் நானே உக்காந்து திருத்த முடியாது சார். நாளைக்கு வீட்டுக்கு வருவீங்கல்ல? விசாரிச்சதைச் சொல்லணும்ல? வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவன் எந்தப் பாட்டைப் பாடினான் என்று அவனுக்கே தெரியாது. ஆனையூருக்குச் சைக்கிள் மிதிக்கும்போது ஜேசுராஜ் சாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்தான். ஒத்திகையில் எல்லாம் அழகாக வந்தது. தெருப் பிள்ளைகள் கேட்டைத் திறந்துவிட்டார்கள். செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஜோடியாக, ஒழுங்காக வைத்தான். அதைக் கழற்றினதை யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போல அவனுக்கு ஒரு எண்ணம்.

சூசையம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஜேசுராஜ் சார் பேப்பரை மடித்தார். ஆனிமேரி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போன வாரம் நின்ற அதே அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள்.

"சொல்லுங்க தம்பி. பையன் எப்படி?"

முத்திருளன் சொல்லிக்கொடுத்த ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சத்தியசீலன் அதை மோரோடு விழுங்கினான்.

"நல்ல ஆளு அம்மா. தேய்க்கிறவர், டீக்கடைக்காரர் எல்லாரும் நல்லபடியாத்தான் சொல்றாங்க. குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது. கோபம் வராதாம். நானே ஸ்கூட்டர்ல உக்காந்து பாத்துட்டேன். பள்ளம் பாத்துத்தான் ஓட்டுறாரு."

"ஸ்கூட்டர்லயே ஏறிட்டீங்களா!" சூசையம்மாளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "இப்படி ஒரு பிள்ளை விசாரிச்சிட்டு வந்து சொன்னா மனசுக்கு எம்புட்டு நிம்மதியா இருக்கு. கூடப் பொறந்தவன் தோத்தான் போங்க."

நிலைப்படியில் இருந்தவள் தன் காலைப் பார்த்தாள். காதில் இருந்த சின்னக் கம்மல் மட்டும் ஆடியது.

ஜேசுராஜ் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ சரி. சாயங்காலம் நான் போய்ப் பங்குச் சாமியார்கிட்டச் சொல்லிட்டு வந்துர்றேன். ஈஸ்டர் முடிஞ்ச மறு ஞாயிறு முதல் ஓலை. தடை ஏதும் உண்டான்னு அவரு கேக்கிறதுக்கு முந்தியே நம்ம தம்பி ஊரெல்லாம் கேட்டுட்டாரு. தடையே இல்ல. என்ன தம்பி?"

கேட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் சாமியாரைப் போலவே கொஞ்சம் நிறுத்தினார். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுப் பையன்களைப் பார்த்தே பழகினவர் அல்லவா. அந்த நிறுத்தத்தில் தெருவில் பிள்ளைகள் கத்துவது கேட்டது. அடுப்பில் ஏதோ கொதித்தது. சத்தியசீலன் மோர் டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஒரு தடை இருக்கு சார்."

"இப்பத்தான தம்பி அம்புட்டு நல்லவன்னு சொன்னீங்க?" சூசையம்மாள் பதறினாள். "பையன்கிட்ட என்ன தடை?"

"அவர்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. தடை நான்தான்."

சூசையம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். ஜேசுராஜ் சார் துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாலு வருடமாகச் சாம்பார் ஊற்றி வளர்த்த அந்த ஆளை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"விளங்கச் சொல்லுங்க."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு அவருக்கானது. உங்கள் மகளை எனக்கு என்று தொடங்கி, என் குணம், என் சம்பளம், உங்கள் கோயிலிலேயே கலியாணம் வைத்துக்கொள்ளலாம் என்பது வரைக்கும் ஒழுங்காகக் கோத்து வைத்திருந்தான். வாயைத் திறந்தபோது அது தவறான இடத்தில் பதியப் போகிற பேச்சு என்று அவனுக்குப் பட்டது. எழுந்தான். ஜேசுராஜ் சாருக்கு முதுகைக் காட்டுகிறோம் என்ற மரியாதைகூட மறந்து, நிலைப்படியைப் பார்த்துத் திரும்பினான். ஆனிமேரி இந்தத் தடவை எந்த மலையையும் பார்க்கவில்லை.

"மேரி, என்னைக் கட்டிக்கிறீங்களா? நீங்க பதில் சொல்ற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."